“எத்தனையாம் பிள்ளை?” – தேர்ச்சி அறிக்கை சொல்லாமல் விடும் கதை

தவணைப் பரீட்சை முடிந்து தேர்ச்சி அறிக்கை வீட்டுக்கு வந்ததும் எங்கள் ஊர்களில் முதலில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: “வகுப்பிலை எத்தனையாம் பிள்ளை?” பிள்ளை எதைக் கற்றது, எதில் தடக்குப்படுகிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்டாலும் அந்த அறிக்கையில் பதில் இருக்காது. கணிதம் 38, தமிழ் 61, விஞ்ஞானம் 44, வகுப்பில் 23ஆம் பிள்ளை. கீழே வகுப்பாசிரியரின் ஒரு வரி: “இன்னும் முயற்சி செய்க.” எதில் முயற்சி செய்வது, எப்படிச் செய்வது என்பது பிள்ளைக்கும் விளங்காது, பெற்றோருக்கும் விளங்காது.

இந்தக் குறை நாடு முழுவதற்கும் பொதுவானது. ஆனால் போர் நடந்த பிரதேசங்களில் அதற்குக் கொடுக்கும் விலை அதிகம். நகரத்தில் வசதியுள்ள வீடொன்றில் பாடசாலை கவனிக்காமல் விட்ட குறையை ரியூசன் ஆசிரியரோ படித்த பெற்றோரோ கண்டுபிடித்து விடுவார்கள். தாய் தனித்து நின்று உழைக்கும் ஒரு வன்னிக் குடும்பத்தில் அந்த வேலையைச் செய்வதற்குப் பாடசாலை ஆசிரியரை விட்டால் வேறு ஆளில்லை.

2009ஆம் ஆண்டு செட்டிக்குளம் மனிக் பாம் முகாமில் முள்வேலிக்குள் இருந்தபடி தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுதிய பிள்ளைகள், இன்று தாங்களே பெற்றோராகும் வயதில் இருக்கின்றனர். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து படிப்பை இழந்த தலைமுறை அது. யார் எந்தப் பாடத்தை எந்த இடத்தில் தவறவிட்டார் என்று ஒவ்வொரு பிள்ளையாக இருந்து பார்க்க அன்று நேரமும் இருக்கவில்லை, ஆட்களும் இருக்கவில்லை. அந்த இடைவெளியோடு வளர்ந்தவர்களின் பிள்ளைகள்தான் இப்போது வகுப்பறைக்கு வருகின்றனர். இவர்களுடைய குறையையும் பார்க்காமல் விட்டால் இழப்பு இரண்டாம் தலைமுறைக்கும் போய்விடும்.

கணிப்பீடும் மதிப்பீடும்

ஆசிரியர் பயிற்சியில் இந்த இரண்டு சொற்களும் அடிக்கடி வரும். நடைமுறையில் இரண்டையும் ஒன்றாகவே நினைத்து விடுகிறோம்.

ஒரு கமக்காரர் நெல் விதைத்த பின் என்ன செய்கிறார்? காலையும் மாலையும் வயலுக்குப் போகிறார். எந்தப் பாத்தியில் தண்ணீர் வற்றியிருக்கிறது, எங்கே பயிர் மஞ்சளடிக்கிறது, எங்கே பூச்சி விழுந்திருக்கிறது என்று பார்க்கிறார். பார்த்த உடனேயே வரம்பை வெட்டித் தண்ணீர் விடுகிறார் அல்லது பசளை போடுகிறார். இது கணிப்பீடு. அறுவடை முடிந்த பிறகு எத்தனை மூடை விளைந்தது என்று எண்ணுகிறார். இது மதிப்பீடு. மூடையை எண்ணுவதும் தேவையான வேலைதான். ஆனால் எண்ணுவதால் ஒரு மணி நெல்லாவது கூடுவதில்லை.

எங்கள் பாடசாலைகளில் மூடையை எண்ணும் வேலை ஒழுங்காக நடக்கிறது. வயலைப் பார்க்கும் வேலைதான் குறைவாக இருக்கிறது.

புள்ளி ஏன் இவ்வளவு பெரிதானது?

இதற்கு ஆசிரியர்களை மட்டும் குறைசொல்ல முடியாது. இலங்கையில் பரீட்சைதான் கதவுகளைத் திறக்கிறது. தரம் 5 புலமைப்பரிசில் பிரபல பாடசாலைக்கான கதவு. சாதாரண தரம் உயர்தரத்துக்கான கதவு. உயர்தரத்தின் இசட் புள்ளி பல்கலைக்கழகத்துக்கான கதவு. தமிழ் மக்களுக்கு இதில் இன்னொரு வடுவும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தல், தமிழ் மொழிமூல மாணவர் பல்கலைக்கழகம் புகக் கூடிய புள்ளி எடுக்க வேண்டும் என்ற நிலையை உண்டாக்கியது. ஒரு புள்ளியால் வாழ்க்கை மாறும் என்பதை எங்கள் சமூகம் அனுபவத்தில் கண்டது. அதனால் புள்ளிமீது எங்களுக்குள்ள வெறி காரணமில்லாமல் வந்ததன்று.

அதே புள்ளி எவ்வளவு மேலோட்டமான அளவு என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். சாதாரண தரத்தில் பல பாடங்களின் முதலாம் பத்திரத்தில் 40 பல்தேர்வு வினாக்கள் வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். வினாவை வாசிக்காமலே புள்ளடி இட்டாலும் சராசரியாகப் பத்து வினாக்கள் சரிவரும். சாதாரண சித்தியின் எல்லை 35 புள்ளி. 34 எடுத்த பிள்ளைக்கும் 36 எடுத்த பிள்ளைக்கும் இடையில் அறிவில் வேறுபாடே இல்லாதிருக்கலாம். ஒருவரைச் சித்தி என்றும் மற்றவரைச் சித்தியில்லை என்றும் எழுதுகிறோம்.

தொடர் கணிப்பீடு என்ற எண்ணம் இந்த நாட்டுக்குப் புதிதுமன்று. 1997ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் 1998இல் கம்பகா மாவட்டத்தில் பரீட்சித்துப் பார்க்கப்பட்டு, 1999இல் நாடு முழுவதும் ஆரம்பப் பிரிவில் தொடங்கியது. ஒவ்வொரு நிலையிலும் பிள்ளை கட்டாயம் பெறவேண்டிய அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் வகுக்கப்பட்டன. பாடசாலை மட்டக் கணிப்பீடும் இதே காலப்பகுதியில்தான் வந்தது. அந்த ஆண்டுகளில் வன்னி போருக்குள் கிடந்தது. மற்ற மாவட்டங்கள் புதிய முறைக்குப் பழகிக்கொண்டிருந்தபோது எங்கள் ஆசிரியர்கள் மரநிழலில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தனர்.

பின்னர் அந்த முறை இங்கும் வந்து சேர்ந்தது. ஆனால் பல இடங்களில் படிவம் நிரப்பும் வேலையாகவே வந்தது. மேற்பார்வைக் குழு வருகிறது என்றால் முதல்நாள் இரவு இருந்து புள்ளிகளை எழுதி முடிப்பதை அறியாத ஆசிரியர் குறைவு. எழுதப்பட்ட அந்தப் புள்ளிகளால் எந்தப் பிள்ளைக்கும் கற்பித்தல் மாறவில்லை என்றால் அது கணிப்பீடு ஆகாது.

பிழைக்குள் இருக்கும் தகவல்

ஒரு கணக்கை எடுத்துப் பார்ப்போம். 503 இலிருந்து 167ஐக் கழிக்க வேண்டும். சரியான விடை 336. மூன்று பிள்ளைகள் பிழையாக எழுதுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம்.

முதலாவது பிள்ளையின் விடை 464. ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது: ஏழிலிருந்து மூன்று, ஆறிலிருந்து பூச்சியம், ஐந்திலிருந்து ஒன்று. இந்தப் பிள்ளைக்கு இடப்பெறுமானமே விளங்கவில்லை. ஈர்க்குக் கட்டுகளை வைத்து ஒன்றுகள், பத்துகள், நூறுகள் என்று அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டாவது பிள்ளையின் விடை 346. நூறிலிருந்து பத்துகளுக்கு எடுத்து மாற்றத் தெரிகிறது. ஆனால் பத்துகளிலிருந்து ஒன்றுகளுக்குக் கொடுத்ததைக் குறைக்க மறந்திருக்கிறது. நடுவில் பூச்சியம் வரும்போது மட்டும் தடுமாறும் பிள்ளை இது. பத்து நிமிடம் பக்கத்தில் இருந்து விளங்கப்படுத்தினால் போதும்.

மூன்றாவது பிள்ளையின் விடை 670. கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டியிருக்கிறது, கூட்டியதில் பிழையே இல்லை. அவசரமாக இருக்கலாம். பின்வாங்கில் இருக்கும் அந்தப் பிள்ளைக்குக் கரும்பலகையில் உள்ள குறி தெரியாமலும் இருக்கலாம். கண்ணைப் பரிசோதிக்க வேண்டும்.

மூவருக்கும் கிடைப்பது ஒரே சிவப்புப் புள்ளடி, ஒரே பூச்சியம். தேவைப்பட்டதோ மூன்று வெவ்வேறு உதவிகள். சொல்வதெழுதலும் இப்படித்தான். “பழம்” என்பதைப் “பளம்” என்று எழுதும் பிள்ளை எங்கள் பேச்சில் கேட்டபடியே எழுதுகிறது. அதற்கு உச்சரிப்பும் வாசிப்பும் வேண்டும். சொற்களையே விட்டுவிட்டு எழுதும் பிள்ளைக்குக் காது கேட்பதில் குறை இருக்கலாம். இருவருக்கும் பத்துக்கு நான்கு என்று போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனால் அந்தத் தகவல் கொப்பிக்குள்ளேயே கிடந்து மக்கிப்போகும்.

நாளைக்கே தொடங்கக்கூடியவை

இதற்குக் கணினியோ நிதியோ வேண்டியதில்லை.

முதலாவது, எதைப் பார்க்கப் போகிறோம் என்பதை முன்பே சொல்வது. “நல்ல கட்டுரை எழுதுங்கள்” என்பதைவிட, “தொடக்கம் வாசிக்கத் தூண்ட வேண்டும், ஒரு பந்தியில் ஒரு கருத்து, குறைந்தது இரண்டு உதாரணங்கள்” என்று பலகையில் எழுதினால் பிள்ளைக்குத் தன் வேலையைத் தானே சரிபார்க்க முடியும்.

இரண்டாவது, கேள்வி கேட்டுவிட்டுப் பொறுத்திருப்பது. அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்பறைகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருந்தனர். அதை மூன்று விநாடியாகக் கூட்டியபோது விடைகள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினர். கையுயர்த்தும் நாலு பேரை மட்டும் கேட்டால் அந்த நாலு பேரைப் பற்றித்தான் தெரியும்.

மூன்றாவது, பாடம் முடியுமுன் ஒரு கேள்வி. பாதித் தாளில் ஒரே ஒரு கணக்கு அல்லது ஒரு வசனம். ஆசிரியர் அதற்குப் புள்ளி போடத் தேவையில்லை. விளங்கியவர், அரைகுறையாக விளங்கியவர், விளங்காதவர் என்று மூன்று கட்டாகப் பிரித்தால் போதும். நாற்பது தாளுக்கும் பத்து, பதினைந்து நிமிடம் ஆகும். நாளைய பாடத்தை எங்கே தொடங்குவது என்பதை அந்தக் கட்டுகளே சொல்லிவிடும்.

நான்காவது, புள்ளிக்கு முன் கருத்து. 1988இல் ரூத் பட்லர் வெளியிட்ட ஆய்வில் ஒரு பகுதி மாணவருக்குப் புள்ளி மட்டும், ஒரு பகுதிக்குக் கருத்து மட்டும், இன்னொரு பகுதிக்கு இரண்டும் வழங்கப்பட்டன. கருத்து மட்டும் பெற்றவர்களே முன்னேறினர். புள்ளியும் கருத்தும் சேர்ந்து கிடைத்தவர்களுக்குப் பயன் கிடைக்கவில்லை. புள்ளியைக் கண்டதும் பிள்ளை கருத்தை வாசிப்பதை விட்டுவிடுகிறது என்பதை எந்த ஆசிரியரும் அனுபவத்தில் அறிவார். வாரத்தில் ஒரு பயிற்சிக்காவது “இதைச் சரியாகச் செய்திருக்கிறாய், இந்த இடத்தைத் திருத்து” என்று மட்டும் எழுதி, திருத்துவதற்கு வகுப்பிலேயே நேரம் கொடுத்துப் பார்க்கலாம்.

காயம்பட்ட வீட்டிலிருந்து வரும் பிள்ளை

எங்கள் பிரதேசத்தில் கணிப்பீட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தமிழ்ப் பாடத்தில் “எனது அப்பா” என்று கட்டுரைத் தலைப்புக் கொடுக்கிறோம். அப்பாவை இழந்த பிள்ளை வெற்றுத் தாளைத் தருகிறது. அந்தத் தாளுக்குப் போடும் பூச்சியம் எதை அளக்கிறது? மொழித்திறனை நிச்சயமாக அளக்கவில்லை. இரண்டு மூன்று தலைப்புகளைக் கொடுத்து ஒன்றைத் தெரியவிடுவது பெரிய வேலை இல்லை.

புள்ளிகளைக் கூட்டத்தில் உரத்து வாசிப்பதும், கடைசிப் பிள்ளையை எழுப்பி நிறுத்துவதும் இன்னும் சில வகுப்பறைகளில் நடக்கின்றன. ஏற்கெனவே அச்சத்தோடு வாழும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்குப் பாடசாலையும் அச்சமாகிவிட்டால், அடுத்த பரீட்சை நாளில் “வயிற்றுக்குத்து” வரும். பிறகு வரவு குறையும். இடைவிலகல் பல தடவை இப்படித்தான் தொடங்குகிறது. எழுத்தில் தடுமாறும் பிள்ளை வாயால் சொல்லக்கூடும், செய்து காட்டக்கூடும், வரைந்து காட்டக்கூடும். அதற்கும் இடம் கொடுத்தால்தான் பிள்ளைக்குத் தெரிந்தது எது என்று எங்களுக்கும் தெரியவரும்.

ஆசிரியர் தனியே செய்ய முடியுமா?

முடியாது. ஆசிரியர் பற்றாக்குறையும் ஓயாத இடமாற்றமும் உள்ள பாடசாலையில், நிரப்ப வேண்டிய படிவங்களையும் வைத்துக்கொண்டு இதைச் செய்யச் சொல்வது நியாயமற்றது. அதிபர்கள் தேவையற்ற பதிவுகளைக் குறைத்துக் கொடுக்கலாம். ஆசிரிய ஆலோசகர்கள் கோப்பைக் கேட்பதற்கு முன் பிள்ளைகளின் கொப்பிகளைக் கேட்கலாம். மாற்றலாகிப் போகும் ஆசிரியர் புள்ளிப் பட்டியலோடு, எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்ற ஒரு பக்கக் குறிப்பையும் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

“இதையெல்லாம் செய்துகொண்டிருந்தால் பரீட்சைக்குப் பாடத்திட்டம் முடியாது” என்ற அச்சமும் நியாயமானது. ஆனால் போல் பிளாக், டிலன் வில்லியம் என்ற இரு பிரித்தானியக் கல்வியாளர்கள் 1998இல் சுமார் 250 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து வேறொன்றைச் சொன்னார்கள். வகுப்பறைக் கணிப்பீடு சீரானால் மாணவர் அடைவு உயர்கிறது. அதிலும் பின்தங்கிய பிள்ளைகளே கூடுதலாகப் பயனடைகின்றனர். கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளை எழும்பினால் பாடசாலையின் சித்தி வீதமும் தானாகவே எழும்பும்.

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது, அதற்குப் படித்திருக்க வேண்டியதில்லை. அடுத்த தடவை தேர்ச்சி அறிக்கை வரும்போது எத்தனையாம் பிள்ளை என்று கேட்பதைச் சற்றுத் தள்ளிவைத்து, “இந்தத் தவணை புதுசா என்ன விளங்கினது? எது இன்னும் விளங்கேல்லை?” என்று கேட்டுப் பாருங்கள். பெற்றோர் சந்திப்பில் ஆசிரியரிடமும் அதையே கேளுங்கள். அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்தால், பதிலைத் தேடிவைக்க வேண்டிய தேவை பாடசாலைக்கும் வந்துவிடும்.