புதிதாய் வந்த பிள்ளையும் முதல் விடுமுறைப் பயணமும்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் மேடவாக்கம், தாம்பரம் பகுதிப் பங்குகளில் ஞாயிறு திருப்பலிக்கு வருவோரின் எண்ணிக்கை குறைந்துவிடுகிறது. வேளாங்கண்ணி, ஏற்காடு, சொந்த ஊர் என்று குடும்பங்கள் புறப்பட்டுவிடுகின்றன. பிள்ளைகளுக்கு இது மகிழ்ச்சியான காலம். ஆனால் சில மாதங்களுக்கு முன்புதான் தத்தெடுக்கப்பட்டு ஒரு வீட்டுக்கு வந்திருக்கும் பிள்ளைக்கும் இது மகிழ்ச்சியான காலம்தானா என்று நாம் கேட்டுப் பார்ப்பதில்லை.

நான்கு வயதுப் பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். பிறந்த இடத்திலிருந்து ஒரு மருத்துவமனைக்கு, அங்கிருந்து ஓர் இல்லத்துக்கு, அந்த இல்லத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு. ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு பெரியவர் துணிகளைப் பையில் வைத்தார், நல்ல சட்டை போட்டுவிட்டார், "நல்ல இடத்துக்குப் போகிறோம்" என்று சொல்லி வண்டியில் ஏற்றினார். பிள்ளை அதன்பின் பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. இப்போது நீங்களும் பரணிலிருந்து பெட்டியை இறக்குகிறீர்கள், துணிகளை அடுக்குகிறீர்கள், அதே சொற்களைச் சொல்கிறீர்கள். பிள்ளை அழுதால் அது அடம் அல்ல. அதன் சிறிய அனுபவம் அதற்குக் கற்றுக்கொடுத்த கணக்கு அது.

அழாத பிள்ளையைப் பற்றி இன்னும் கூடுதலாக யோசிக்க வேண்டும். 1952-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், தாயைப் பிரிந்து மருத்துவமனையில் தங்கிய இரண்டு வயதுக் குழந்தையைப் படம் பிடித்துக் காட்டினார். அவரும் ஜான் பௌல்பி என்ற உளவியல் மருத்துவரும் இத்தகைய பிரிவில் மூன்று நிலைகளைக் கண்டார்கள். முதலில் பிள்ளை கதறுகிறது, பிறகு சோர்ந்துபோகிறது, கடைசியில் ஒட்டாமல் விலகிக்கொள்கிறது. அந்த மூன்றாம் நிலையைத்தான் பெரியவர்கள், "பழகிவிட்டது, சமத்தாக இருக்கிறது" என்று தவறாகப் புரிந்துகொண்டார்கள். இல்லங்களில் வளர்ந்த சில பிள்ளைகள் யார் கை நீட்டினாலும் தாவிச் செல்வதும் உண்டு. நம் வீடுகளில் இதைப் பெரிதாகப் புகழ்வோம். உண்மையில், தனக்கென்று ஒருவர் உண்டு என்பது அந்தப் பிள்ளைக்கு இன்னும் உறுதிப்படவில்லை என்பதன் அடையாளமாகவும் அது இருக்கலாம்.

இந்த இடத்தில்தான் நேர்த்திக்கடன் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. குழந்தை வரம் வேண்டி ஆண்டுக்கணக்கில் செபித்த தம்பதியர், பிள்ளை வந்ததும் வேளாங்கண்ணிக்குக் கூட்டிச்சென்று மொட்டையடித்து, மாதாவுக்குக் காணிக்கை செலுத்துவதாக வேண்டியிருப்பார்கள். தத்தெடுக்க விண்ணப்பித்துப் பலர் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருக்கிறார்கள். அவர்களுடைய நன்றியுணர்வு எவ்வளவு பெரியது என்பது நமக்குப் புரிகிறது. வீட்டுப் பெரியவர்களும், "வேண்டுதலைத் தள்ளிப்போடக் கூடாது, இந்தக் கொடியேற்றத்துக்கே போய்விட வேண்டும்" என்பார்கள். ஆகஸ்டு 29-ஆம் நாள் கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8-ஆம் நாள் திருவிழா வரை அங்கே கூடும் கூட்டம் நம் எல்லாருக்கும் தெரிந்ததே. ஏழெட்டு மணி நேரப் பயணம், லாட்ஜ் அறை, ஒலிபெருக்கி, அறியாத முகங்கள், கடைசியில் ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் கத்தியோடு வருவது. இன்னும் உங்களை 'அம்மா' என்று மனதாரக் கூப்பிடாத ஐந்து வயதுச் சிறுமிக்கு இது எப்படி இருக்கும்? தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவள் இல்லத்திலிருந்து கொண்டுவந்தவை மிகச் சில. அவற்றில் அவளுடைய முடியும் ஒன்று.

அன்பானவர்களே, நேர்ந்துகொண்டது பெற்றோர், பிள்ளை அல்ல. நாள் குறிக்காத நேர்த்தி அடுத்த ஆண்டு வரை காத்திருப்பதால் கெட்டுப்போவதில்லை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பும் இதற்கு இடம் தருகிறது. தனிப்பட்ட நேர்ச்சையைச் செய்தவர், அதற்கு இணையான அல்லது அதைவிட மேலான ஒரு நற்செயலாக அதை மாற்றிக்கொள்ளலாம் என்று 1197-ஆம் எண் கூறுகிறது. நியாயமான காரணம் இருந்தால் பங்குத்தந்தையே நேர்ச்சையிலிருந்து விலக்கு அளிக்கலாம் என்பது 1196-ஆம் எண். மனம் உறுத்தினால் அவரிடம் சென்று பேசுங்கள். மாமியாரிடம் எடுத்துச் சொல்வதற்கும் அவர் உதவுவார்.

அப்படியானால் எங்கும் போகவே கூடாதா? போகலாம், சிறியதாகத் தொடங்கி. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குக் காலையில் போய்ப் பிற்பகலில் திரும்பிவிடலாம் (செவ்வாய்க்கிழமை அங்கே விடுமுறை). கோவளம் கடற்கரைக்குப் போய் இருட்டுவதற்குள் வீடு சேரலாம். அச்சிறுபாக்கம் மழை மலை மாதா திருத்தலமும் ஒரே நாளில் போய்வரக்கூடிய இடம்தான். இந்தப் பயணங்களில் முக்கியமானது பார்க்கும் இடமல்ல, திரும்பி வருவது. போனோம், வந்தோம், நம் வீடு அப்படியே இருக்கிறது என்பதைப் பிள்ளை நாலைந்து முறை கண்ணால் பார்த்தபின் ஓர் இரவு வெளியே தங்கலாம். கிளம்பும்போது அதன் பொம்மை ஒன்றை வேண்டுமென்றே கட்டிலில் விட்டுச்செல்லுங்கள். "நாம் வரும்வரை இது இங்கேயே இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். பழகிய போர்வையையும் குடிக்கும் டம்ளரையும் மட்டும் மறக்காமல் உடன் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பிஸ்கட்டைத் தலையணைக்கடியில் ஒளித்துவைத்தால் திட்ட வேண்டாம். அடுத்த வேளை உணவு உறுதியில்லாத காலத்தை அது பார்த்திருக்கக்கூடும்.

சட்டத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். கிறிஸ்தவர்களாகிய நமக்கு இது புதிதாகக் கிடைத்த உரிமை. 1956-ஆம் ஆண்டு தத்தெடுப்புச் சட்டம் இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்களுக்கானது. நம்மவர்கள் 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் காப்பாளர்களாக மட்டுமே இருக்க முடிந்தது. அன்போடு வளர்த்தாலும் சட்டத்தின் கண்ணில் அது சொந்தப் பிள்ளை அல்ல. 2000-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் அதன் 2006-ஆம் ஆண்டுத் திருத்தமும் அந்நிலையை மாற்றின. எம்மதத்தவரும் இச்சட்டத்தின்கீழ்த் தத்தெடுக்கலாம் என்பதை 2014 பிப்ரவரியில் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இப்போது நடப்பில் இருப்பது 2015-ஆம் ஆண்டுச் சட்டம். 2022 செப்டம்பரிலிருந்து தத்து ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியர் வழங்குகிறார்.

ஆணை கைக்கு வருவதற்கு முன்பே பிள்ளை உங்கள் வீட்டில் வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும். அந்த இடைக்காலத்தில் வெளியூர் செல்வதானால் தத்து நிறுவனத்துக்கு ஒரு வார்த்தை தெரிவித்துவிட்டு, அவர்கள் தந்த தாள்களின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விடுதியிலோ ரயிலிலோ யாராவது கேட்டால், பிள்ளையின் முன்னால் கதை சொல்லாமல் தாளைக் காட்டிவிடலாம். படங்களை உறவினர் குழுக்களில் பரப்புவதும் அதுவரை வேண்டாம். பராமரிப்பு தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை ஊடகங்களிலும் பிற தகவல்தொடர்புகளிலும் வெளியிடுவதை அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடைசெய்கிறது.

உறவினர்களைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. சொந்த ஊருக்குப் போனால் முற்றத்தில் இருபது பேர் காத்திருப்பார்கள். "யார் ஜாடை?" என்று ஒருவர் கேட்பார், "உண்மையான அம்மா யாரென்று தெரியுமா?" என்று இன்னொருவர் ரகசியம்போல் உரக்கக் கேட்பார். கெட்ட எண்ணத்தில் அல்ல. ஆனாலும் பிள்ளைக்குக் காது கேட்கும். ஊருக்குப் போகும் முன்பே தொலைபேசியில் பேசி, முதல் நாள் யாரும் பிள்ளையைத் தூக்க வேண்டாம், சோறூட்டுவதும் தூங்கவைப்பதும் பெற்றோரே செய்யட்டும் என்று கேட்டுக்கொள்வது நல்லது. சித்தப்பா கோபித்துக்கொள்வார்தான். இரண்டு நாளில் சமாதானமாகிவிடுவார்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஜனவரி 5-ஆம் நாள் தம் புதன் மறைக்கல்வி உரையில், புனித யோசேப்பை இயேசுவின் வளர்ப்புத் தந்தையாக எடுத்துக்காட்டி, தத்தெடுத்தல் அன்பின் மிக உயர்ந்த வடிவங்களுள் ஒன்று என்றார். அந்தக் குடும்பத்தின் எகிப்துப் பயணத்தை மத்தேயு நற்செய்தி ஒரே வசனத்தில் முடித்துவிடுகிறது. இரவிலேயே எழுந்து குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு போனார் என்பதோடு சரி. வழியில் குழந்தை அழுததா, யார் தூக்கிச் சென்றார் என்பதெல்லாம் அதில் இல்லை. யோசேப்புக்கு வேறு வழியில்லாமல் போன அவசரப் பயணம் அது. நமக்கு அப்படிப்பட்ட அவசரம் இல்லை.

பயணம் சரியாக அமையாமலும் போகலாம். இரவெல்லாம் தூங்காமல், மூன்று நாள் திட்டத்தை ஒரே நாளில் முடித்துக்கொண்டு திரும்பி வந்த பெற்றோர் உண்டு. தத்துக்குப் பின் இரண்டு ஆண்டுகள் வரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகப்பணியாளர் வீட்டுக்கு வந்து அறிக்கை எழுதுகிறார். பிள்ளையைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களோ என்ற பயத்தில் பலர் அவரிடம், "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அவர் வருவது உதவி செய்யவும்தான். பிள்ளை எந்த நேரத்தில் அழுதது, எதைக் கண்டு மிரண்டது, எதைச் சொன்னபோது அமைதியடைந்தது என்று அன்றைக்கே குறித்துவைத்து, அவர் அடுத்த முறை வரும்போது அப்படியே சொல்லுங்கள்.