கூரை இல்லாத காரில் ஆன்டெனா

காரில் ஆன்டெனாவை எங்கே வைக்கலாம் என்று எந்த ஹாம் ரேடியோக்காரரைக் கேட்டாலும் யோசிக்காமல் சொல்வார்: கூரையின் நட்டநடுவில். என் காருக்குக் கூரையே துணிதான். 1994 மாடல் மஸ்டா மியாட்டா, இரண்டு பேர் மட்டும் உட்காரும் வண்டி. கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் குடியிருக்கிறோம். விடுமுறை நாள் காலையில் கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிட்டு, மலை முகட்டோடு போகும் ஸ்கைலைன் சாலையில் ஓட்டுகிற சுகத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. போகிற வழியில் ரேடியோவில் நாலு பேரிடம் பேசாமல் இருக்கவும் முடியாது.

கூரைதான் வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. நாங்கள் அதிகம் பேசுவது 2 மீட்டர் பட்டையில். அமெரிக்காவில் அது 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரை. அலைநீளத்தில் கால்பங்கு அளவுக்கு ஒரு கம்பி இருந்தால் போதும். 75-ஐப் பட்டையின் நடுவான 146-ஆல் வகுத்தால் 51 சென்டிமீட்டர் வருகிறது; நடைமுறையில் கொஞ்சம் குறைத்து 49 என்று வெட்டுவார்கள். ஆனால் அந்தக் கம்பி பாதி ஆன்டெனாதான். மீதிப் பாதி, அதன் காலடியில் பரந்து கிடக்கும் இரும்புத் தகடு. கம்பியில் ஏறும் மின்னோட்டத்துக்கு ஈடாகத் தகட்டிலும் ஓட்டம் இருக்க வேண்டும். தகடு சரியாக அமையவில்லை என்றால், ரேடியோ அனுப்பும் சக்தியில் ஒரு பகுதி காற்றில் ஏறாமல் கேபிள் வழியே திரும்பி வரும். எவ்வளவு திரும்புகிறது என்பதைத்தான் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் காட்டுகிறது. 1.5-க்குள் இருந்தால் நிம்மதி. 2-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

ஒரு காலத்தில் நிலைமை தலைகீழ். கால்வின் சகோதரர்கள் 1930-இல் ‘மோட்டோரோலா’ என்ற பெயரில் கார் ரேடியோவை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, பெரும்பாலான மூடிய கார்களுக்கும் கூரையின் நடுப்பகுதி துணிதான். அந்தத் துணிக்கு அடியில் கோழி வலைக் கம்பியைப் பதித்து அதையே ஆன்டெனாவாக வைத்துக்கொண்டார்கள். 1935 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் முழு இரும்புக் கூரையைக் கொண்டுவந்ததும் அந்த வலைக்கு வேலை இல்லாமல் போனது. இரும்பு வானொலி அலையை மறைத்துவிடும். ஆன்டெனா காருக்கு அடியில், படிப்பலகைக்குக் கீழே போயிற்று. பிறகு கம்பியாக வெளியே வந்தது. அன்று இடைஞ்சலாக வந்த இரும்புக் கூரை இன்று எங்களுக்கு ஆன்டெனாவின் மறுபாதி.

மியாட்டாவில் மிஞ்சுவது டிக்கி மூடி. என் வண்டியில் அது இரும்பு, காந்த அடி ஒட்டும். இப்போது வருகிற நான்காம் தலைமுறை மியாட்டாவில் மூடி அலுமினியம், காந்தம் நிற்காது. இருந்தாலும் காந்தம் எனக்குப் பிடிக்காது. அடியில் மணல் புகுந்து பெயின்ட்டைத் தேய்த்துவிடும். மூடியின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப்தான் என் தேர்வு. உட்பக்கத்தில் சின்னச் சின்ன ஸ்க்ரூக்கள் இருக்கும்; ஆலன் கீயால் முறுக்கினால் அவை பெயின்ட்டைக் குத்தி இரும்பைத் தொடும். அந்த இடத்தில் முன்கூட்டியே உப்புத்தாளால் தேய்த்து, பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகே பொருத்தினேன்.

அப்படியும் மீட்டர் 2-க்கு மேலேதான் நின்றது. டிக்கி மூடிக்கும் காரின் உடம்புக்கும் தொடர்பு கீல்கள் வழியாக மட்டும்தான். அவற்றிலோ கிரீஸும் பெயின்ட்டும். மல்டிமீட்டரை வைத்தால் ஒருமுறை பீப் அடிக்கிறது, மூடியை அசைத்தால் நின்றுவிடுகிறது. அகலமான செம்புப் பின்னல் பட்டை ஒன்றை வாங்கி, கீலை ஒட்டி மூடியிலிருந்து உடம்புக்கு, வளைந்து கொடுக்கிற அளவு தளர்வாக விட்டு முடுக்கினேன். முள் 1.5-க்குக் கீழே இறங்கியது. விலை உயர்ந்த ஆன்டெனாவுக்குப் பணம் போடுமுன் இந்தப் பட்டையைப் போட்டுப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பழைய மியாட்டாவில் பேட்டரி டிக்கிக்குள்ளேயே இருப்பது பெரிய வசதி. ரேடியோவின் உடலை அங்கேயே வைத்து, ஃப்யூஸ் போட்டு நேராக பேட்டரியில் இணைத்துவிட்டேன். முகப்புப் பலகை மட்டும் தனி ஒயரில் டாஷ்போர்டுக்கு வருகிறது.

எல்லாம் முடித்துக் கூரையைத் திறந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபோது என் மனைவி திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “ஏங்க, இது நம்ம தலைக்கு இவ்ளோ கிட்ட இருக்கே, ஒண்ணும் பண்ணாதா?”

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். மற்ற கார்களில் அலைக்கும் தலைக்கும் நடுவே இரும்புக் கூரை நிற்கிறது. இங்கே ஒன்றுமே இல்லை. கூரையை மூடினாலும் துணி எதையும் தடுக்காது. எஃப்.சி.சி. என்கிற அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் இதற்கு வரம்பு வைத்திருக்கிறது. எங்கள் பட்டையில் பொதுமக்களுக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மில்லிவாட், 30 நிமிடச் சராசரியில். கணக்கிடும் சூத்திரங்களையும் ஆணையமே கையேடாக வெளியிட்டிருக்கிறது. தரையில் பட்டுத் திரும்பும் அலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், 50 வாட்டில் இடைவிடாமல் பேசும்போது கிட்டத்தட்ட 3 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். என் காரே 4 மீட்டர் நீளம்கூட இல்லை. இருக்கையிலிருந்து டிக்கியின் கடைசி விளிம்பு ஒன்றரை மீட்டருக்குள் வந்துவிடும்.

சக்தி குறைந்தால் அந்தத் தூரமும் குறையும். ஐந்தில் ஒரு பங்காக, 10 வாட்டுக்கு இறக்கினால் தூரம் பாதிக்கும் கீழே, சுமார் 1.3 மீட்டருக்கு வருகிறது. பேசுவது பாதி நேரம், கேட்பது பாதி நேரம் என்றால் ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் கிளாம்ப்பை மூடியின் பின்கோடிக்கே தள்ளினேன். ஆள் உட்கார்ந்திருக்கும்போது 10 வாட்டுக்கு மேல் போவதில்லை. 1,173 மீட்டர் உயர டயாப்லோ மலையில் நம் பேச்சை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரை ஸ்கைலைனிலிருந்து பிடிக்க அதுவே தாராளம். உச்சியில் நிற்கும் நிலையம் இருக்கும்போது காரிலிருந்து 50 வாட்டைக் கொட்டுவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

பின்கோடியில் வைத்ததால் இன்னொரு நன்மை. மூடியைத் தூக்கும்போது கம்பி முன்னால் சாயும். முன்விளிம்பில் இருந்திருந்தால் துணிக்கூரையில் குத்தும், என் வண்டி போன்ற பழைய மாடல்களில் பின்கண்ணாடியாக இருக்கும் பிளாஸ்டிக்கில் கோடு போடும். கேபிளை ரப்பர் பீடிங்கைத் தாண்டி உள்ளே விடும்போது, நுழைவதற்கு முன் கீழ்நோக்கி ஒரு வளைவு கொடுக்க வேண்டும். மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பேட்டரிப் பக்கம் போகாது.

ஹாஃப் மூன் பே பக்கம் கடற்கரைச் சாலையில் அதிகம் ஓட்டுபவர்கள், உப்புத்தாள் போட்ட இடத்தைக் குளிர்காலத்துக்கு முன் ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது. உப்புக்காற்றில் துரு முதலில் ஏறுவது அங்கேதான். ஸ்க்ரூ முனை தொடும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு, சுற்றிலும் டச்-அப் பெயின்ட் பூசினால் போதும்.