இளைஞரும் மதுவும்: மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வி

பிழைப்பை நாடி ஹைதராபாத் வந்து, நாச்சாரம் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் தமிழர் வீட்டுப் பிள்ளையொருவன், 16 வயதினன், வயிற்று வலியென்று மருத்துவரிடம் செல்வதாக வைத்துக்கொள்வோம். மருத்துவர் தெலுங்கில் வினவுகிறார். அருகே தந்தை நிற்கிறார். 'மது அருந்துவதுண்டா?' என்றால் பையன் 'இல்லை' என்றே சொல்வான். அந்த ஒரு சொல்லில், தீங்கைத் தொடக்கத்திலேயே அறியும் வாய்ப்புக் கைநழுவிப் போகிறது.

இங்கேதான் கணினித் திரை துணைக்கு வருகிறது. மருத்துவரைக் காணுமுன் பையன் தனியே அமர்ந்து, தன் தாய்மொழியிலேயே சில கேள்விகளுக்கு விடையளிக்கலாம். அமெரிக்காவில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் உருவான 'கிராஃப்ட்' வினாத்தாள் இவ்வகையில் பேர்பெற்றது. குடித்தவர் ஓட்டும் வண்டியில் ஏறினாயா, தனிமையில் அருந்துகிறாயா, அருந்தியபின் நடந்தது மறந்துபோகிறதா என்பன போன்ற ஆறு கேள்விகள் அதில் உண்டு. இரண்டுக்கு 'ஆம்' என்றாலே ஆழ்ந்து விசாரிக்க வேண்டும் என்பது பொருள்.

திரை தீர்ப்புக் கூறும் நீதிபதியன்று. பேச்சைத் தொடங்கிவைக்கும் தூதுவனே. 2012-ல் வெளியான ஆய்வொன்றில், கணினி வினாக்களுக்குப்பின் மருத்துவர் இரண்டு மூன்று நிமிடம் அறிவுரை கூறினார். அமெரிக்க இளைஞரிடையே மது அருந்துதல் குறைந்தது. பிராக் நகரில் மதுவைப் பொறுத்தவரை அப்பயன் தெரியவில்லை. ஆகவே கருவி ஓரிடத்தில் பயன் தந்தது என்பதற்காக எங்கும் தரும் என நம்பிவிடலாகாது; அந்தந்த ஊரில் சோதித்தறிய வேண்டும்.

நம் நாட்டில் கோவா மாநில ஆரம்ப சுகாதார நிலையங்களில், மிகுதியாகக் குடித்த வயதுவந்த ஆண்களை வினாத்தாளால் கண்டறிந்து, பயிற்சி பெற்ற சாதாரண மக்களே ஆலோசனை வழங்கினர். அது பயன் தந்ததென 2017-ல் வெளியான ஆய்வு காட்டிற்று. எனினும் அதில் சேர்ந்தோர் 18 வயதைக் கடந்தவர்கள். இளம்பிள்ளைகளுக்கான வழியை இனிமேல்தான் வலுப்படுத்த வேண்டும்.

தெலங்கானாவிலும் தமிழ்நாட்டிலும் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்றல் குற்றம். ஆயினும் சட்டம் மட்டும் பிள்ளையைக் காத்துவிடாது. மருத்துவரிடம் செல்லும்போது, சில நிமிடங்கள் அவனை அவருடன் தனியே விடுவோம். அவன் உண்மை கூறினால், அடிக்காமல் செவிசாய்ப்போம். உதவி வேண்டுமாயின், 2022-ல் தொடங்கப்பெற்ற அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் அழைக்கலாம். அங்கே தமிழிலும் பேச வழியுண்டு. ஊர் அயலாயினும், பிள்ளை மனம் திறக்கும் மொழி நம்முடையதாகவே இருக்கட்டும்.