திறந்த கணக்கில் திருடன்

அம்மையார்குப்பத்துத் தெருவில் நடந்தால் ஆள் பேசுவதற்கு முன்னால் விசைத்தறிச் சத்தம் காதில் விழும். அந்த ஊர்ப் பிள்ளைகள் இதைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். வீட்டுப் பெரியவர் தறிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பார். திடீரென்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போய்த் தறியை நிறுத்துவார். நாடா ஓட்டத்தில் ஏதோ கோளாறு இருக்கும். எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள், “சத்தம் மாறுச்சே!” என்பார். அவருக்கு அதை யாரும் பாடமாக நடத்தவில்லை. நல்ல ஓட்டத்தையும் கெட்ட ஓட்டத்தையும் கேட்டுக் கேட்டே காது பழகிவிட்டது.

கணினியையும் இப்படி எடுத்துக்காட்டுகளைக் கொடுத்துப் பழக்கலாம். அதற்குப் பெயர் இயந்திரக் கற்றல். கிரிப்டோ என்ற இணையப் பணத்தில் நடக்கும் மோசடியைப் பிடிக்க இன்று இது உதவுகிறது.

கிரிப்டோவில் முதலில் வந்தது பிட்காயின். 2009 ஜனவரி 3 அன்று அதன் கணக்கேடு தொடங்கியது. நம் வங்கிக் கணக்கை நாமும் வங்கியும்தான் பார்க்க முடியும். பிட்காயின் கணக்கேட்டையோ உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எப்போது, எவ்வளவு போனது என்று எல்லாமே அதில் இருக்கும். ஒருமுறை எழுதியதை அழிக்கவும் முடியாது. ஆனால் ஆள் பெயர் மட்டும் இருக்காது. முகவரி என்பது எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீண்ட சரம், அவ்வளவுதான். அதற்குப் பின்னால் இருப்பது கடைக்காரரா கொள்ளைக்காரனா என்று கணக்கேடு சொல்லாது.

நம் நாட்டிலேயே இப்படி ஒரு கொள்ளை நடந்தது. 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் என்ற இந்திய கிரிப்டோ சந்தையிலிருந்து சுமார் 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள நாணயங்கள் திருடு போயின. நாணயங்கள் எந்த முகவரிக்குப் போகின்றன என்பதை உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்து என்ன செய்ய? திருடர்கள் அவற்றை ‘டொர்னாடோ கேஷ்’ என்ற கலவை மென்பொருளில் போட்டு, பலருடைய பணத்தோடு கலந்து, தடத்தைக் குழப்பினார்கள். வட கொரியாவைச் சேர்ந்த கும்பலின் வேலை இது என்று 2025 ஜனவரியில் அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா மூன்றும் சேர்ந்து அறிவித்தன. இந்தச் சந்தையில் நாணயம் வைத்திருந்த ஒருவர் தொடுத்த வழக்கில்தான், கிரிப்டோவும் ஒரு சொத்துதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் சொன்னது.

பெயர் தெரியாத திருடனைக் கணினி எப்படி அடையாளம் காணும்? அவன் பழக்கத்தை வைத்துத்தான். ஒருவனிடம் திருட்டு நாணயம் 100 இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தத்தையும் ஒரே நேரத்தில் விற்றால் மாட்டிக்கொள்வான். அதனால் 2 நாணயத்தை மட்டும் உரித்தெடுத்து ஒரு சந்தைக்கு அனுப்புவான். மீதி 98-ஐப் புது முகவரிக்கு மாற்றுவான். அங்கிருந்து 3 போகும். மீதி 95 இன்னொரு புது முகவரிக்கு. இப்படியே பல தடவை. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் ஒரு தப்பும் தெரியாது. வரிசையாகப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். கோடிக்கணக்கான பரிமாற்றங்களுக்குள் அந்த வரிசையைத் தேட மனிதக் கண்ணால் ஆகாது. அதற்குத்தான் கணினி.

2019-இல் எலிப்டிக் என்ற லண்டன் நிறுவனமும், எம்.ஐ.டி.யும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து நடத்தும் ஆய்வகமும் ஒரு பெரிய பயிற்சித் தொகுப்பை வெளியிட்டன. அதில் 2,03,769 பிட்காயின் பரிமாற்றங்கள். ஒவ்வொன்றைப் பற்றியும் 166 தகவல்கள். அந்தப் பரிமாற்றங்களில் 4,545 மட்டுமே ‘தவறானவை’ என்று அடையாளம் இடப்பட்டவை. ‘நல்லவை’ 42,019. மீதி என்னவென்றே தெரியாது!

இந்த இடத்தில் பென்சிலை எடுங்கள், ஒரு கணக்கு. 100 பரிமாற்றங்களில் 2 மோசடி. ஒரு சோம்பேறிக் கணினி எதையுமே பார்க்காமல் “எல்லாம் நல்லது, எல்லாம் நல்லது” என்று சொல்லிக்கொண்டே போகிறது. அதற்கு மதிப்பெண் எவ்வளவு? 98! பிடித்த திருடர்கள்? பூஜ்யம். அதனால் இந்தத் துறையில் மொத்த மதிப்பெண்ணை யாரும் நம்புவதில்லை. இருந்த திருடர்களில் எத்தனை பேரைப் பிடித்தாய், பிடித்தவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே திருடர்கள் என்று இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்பார்கள். அப்பாவி ஒருவரின் பணத்தை முடக்கிவிட்டால் அதுவும் தப்புதானே.

அந்தத் தொகுப்பை வைத்து நடத்திய ஆய்வில் பல முறைகளைப் போட்டியிட வைத்தார்கள். பணம் போகும் பாதைகளின் வலையையே படிக்கும் புது முறை ஒன்று இருந்தது. ‘ரேண்டம் ஃபாரஸ்ட்’ என்ற பழைய முறையும் இருந்தது. இதில் ஒரு ‘மரம்’ என்பது வரிசையான கேள்விகள்: தொகை பெரியதா? ஆம் என்றால், எத்தனை முகவரிகளுக்குப் பிரிந்தது? இப்படிப் பல மரங்கள் தனித்தனியே ஆராய்ந்து ஓட்டுப் போடும். எந்தப் பக்கம் ஓட்டு அதிகமோ அதுதான் முடிவு. ஜெயித்தது பழைய முறைதான். எனக்கு இதில் ரொம்ப சந்தோஷம். புதிது என்பதாலேயே கெட்டிக்காரத்தனம் வந்துவிடாது.

ஆனால் அதற்கும் ஒரு சறுக்கல் வந்தது. தொகுப்பை 49 காலப் பகுதிகளாகப் பிரித்திருந்தார்கள். 43-வது பகுதியில் ஒரு கள்ளச் சந்தை திடீரென்று மூடப்பட்டது. திருட்டுப் பணம் வேறு வழிகளில் ஓடத் தொடங்கியது. ரேண்டம் ஃபாரஸ்ட் உட்பட எல்லா முறைகளும் அதன் பிறகு தடுமாறின. கணினிக்குத் தெரிந்தது பழைய திருட்டுதான். ஆகவே அதற்குப் புதிய எடுத்துக்காட்டுகளைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவற்றுக்கு அடையாளம் இடப் புலனாய்வாளர்கள் வேண்டும்.

வங்கிகளிலும் இதே வேலை நடக்கிறது. மோசடிப் பணத்தைக் கைமாற்றிவிட உதவும் கணக்குகளைக் கண்டுபிடிக்க ‘மியூல்ஹண்டர்’ என்ற கருவியை ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் உருவாக்கியிருக்கிறது.

கிரிப்டோவில் அனுப்பிய பணத்தைத் திருப்பி இழுக்க ஒரு பொத்தானும் கிடையாது. எனவே வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ “நாணயம் வாங்கினால் ஒரே மாதத்தில் இரட்டிப்பு” என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் செய்தி வந்தால், பணம் அனுப்புவதற்கு முன்பே தடுத்துவிடுங்கள். அனுப்பிவிட்டார்கள் என்றால் அந்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள்.