கழிவுச் சேறும் நெல்லுமியும்

மட்டக்களப்பு வாவியின் கரைகள் பெரிதும் மணற்பாங்கானவை. கிணற்று நீர் ஆழமின்றியே ஊறும். ஆதலின் மலசலகூடக் குழிகளினின்று அகற்றப்படும் சேற்றைக் கண்டவிடத்துக் கொட்டின், அதன்கண் உள்ள நைதரசன் நைத்திரேற்றாக மாறிக் குடிநீரையும் வாவியையும் கெடுக்கும். அதனைக் கூட்டெருவாக்குதலே தக்க வழி.

இம்முயற்சி புதியதன்று. 1930களின் இறுதியில் பெங்களூரில் ஆச்சாரியா என்னும் அறிஞர், நகரக் குப்பையோடு மனித மலத்தைச் சேர்த்து எருவாக்கும் முறையை வகுத்தார்.

சேறு தனித்து நன்கு மட்காமைக்குக் காரணம் இரண்டு. ஒன்று, அது நீர் மிகுந்து இறுகுதலால் உள்ளே காற்றுப் புகாமை. மற்றொன்று, நைதரசன் மிகுதி. மட்குதற்கு ஒரு பங்கு நைதரசனுக்கு 25 முதல் 30 பங்கு காபன் வேண்டும். சேற்றிலோ பெரும்பாலும் 10 பங்கினும் குறைவு. எஞ்சிய நைதரசன் அமோனியாவாகி வீணே பறந்தொழியும், நாற்றமும் எழும்.

இக்குறைகளைக் களையும் பொருள்கள் நெல் விளையும் இந்நாட்டிலேயே உள. வைக்கோல் காபனை அளிக்கும். எளிதில் மட்காத உமி இடைவெளி தந்து காற்றைப் புகவிடும். உமிக்கரி தன் நுண்டுளைகளில் அமோனியாவைப் பற்றிவைக்கும்.

குவியல் 55 பாகை செல்சியசு வெப்பத்திற் குறையாது 15 நாள் நிற்க, அதனிடையே ஐந்து முறையேனும் புரட்டின், நோய்க்கிருமிகளும் புழு முட்டைகளும் அழியும். வடகீழ்ப் பருவமழை வெப்பத்தைத் தணிக்குமாதலின் கூரை இன்றியமையாதது.

எனினும், பாரவுலோகங்களை எச்சேர்மானமும் நீக்காது. ஆகவே தொழிற்சாலைக் கழிவு இச்சேற்றோடு கலவாமற் காத்தலே முதற்கடன்.