குகை மாறும், கற்றது மாறாது

ஒரு வீடியோ கேமை உருவாக்கியவருக்கு அதை விளையாடுவதில் என்ன சுவாரஸ்யம் இருக்க முடியும்? புதையல் எங்கே, பூதம் எங்கே, எந்தக் கதவுக்கு எந்தச் சாவி... எல்லாமே அவர் வைத்ததுதானே! 1980 வாக்கில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் படித்த மைக்கேல் டாய், கிளென் விச்மன் என்ற இரண்டு மாணவர்களை இந்தக் கேள்வி விடவில்லை. அப்போது பல்கலைக்கழக கம்ப்யூட்டர்களில் கொடிகட்டிப் பறந்தது ‘அட்வெஞ்சர்’ என்ற கேம். வார்த்தைகளாலேயே விவரிக்கப்படும் ஒரு குகைக்குள் புகுந்து புதையல் தேட வேண்டும். பிரமாதமான கேம்தான். ஆனால், புதிர்களை ஒருமுறை அவிழ்த்துவிட்டால் கதை முடிந்தது. அடுத்த முறை போனாலும் அதே குகை, அதே விடை.

இருவரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். குகையை நாம் கட்ட வேண்டாம், கம்ப்யூட்டரே கட்டட்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு புதுக் குகை! அப்படிப் பிறந்ததுதான் ‘ரோக்’. அதன் வழிவந்த கேம்களுக்கு ‘ரோக்லைக்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. நாற்பது ஆண்டுகளைத் தாண்டியும் அந்தக் குடும்பம் தழைக்கிறது. 2024 பிப்ரவரியில் வெளியான ‘பலாட்ரோ’, கனடாவைச் சேர்ந்த ஒருவர் தன் உண்மைப் பெயரைக்கூட வெளியிடாமல் உருவாக்கிய சீட்டாட்ட ரோக்லைக். ஓராண்டுக்குள் அது 50 லட்சம் பிரதிகள் விற்றது.

ஒவ்வொரு முறையும் புது மேப் கிடைப்பதுதான் இந்த கேம்களின் கவர்ச்சி என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. மேப்பைக் குலுக்கிப் போடுவது கம்ப்யூட்டருக்கு ஒரு நொடி வேலை. எதைக் குலுக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று முடிவு செய்வதில்தான் டிசைனரின் சாமர்த்தியம் இருக்கிறது.

எழுத்துகளால் கட்டிய குகை

ரோக்கில் படம் என்று எதுவும் கிடையாது. 24 வரி, வரிக்கு 80 எழுத்து கொண்ட டெர்மினல் திரைதான் களம். பெர்க்லி வளாகத்தில் இருந்த கென் ஆர்னால்ட், திரையின் எந்த மூலையிலும் ஓர் எழுத்தை வைக்கவும் நகர்த்தவும் உதவும் ‘கர்ஸஸ்’ என்ற புரோகிராம் தொகுப்பை எழுதியிருந்தார். ரோக் ஓடியது அதை நம்பித்தான். பிறகு அவரும் அணியில் சேர்ந்துகொண்டார். ஈமெயில் முகவரியில் வருமே, அந்த ‘@’ குறிதான் நீங்கள். புள்ளிகள் தரை, கோடுகள் சுவர், ஆங்கிலப் பெரிய எழுத்துகள் அரக்கர்கள். ‘பி’ வந்தால் வௌவால், ‘டி’ வந்தால் டிராகன். 26-வது தளம்வரை இறங்கி, ‘யெண்டோரின் தாயத்தை’ எடுத்துக்கொண்டு உயிரோடு மேலே வந்தால் வெற்றி.

குகை கட்டும் சூத்திரம் எளிமையானது. திரையை 3-க்கு 3 என ஒன்பது கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஏதோ ஓர் இடத்தில், ஏதோ ஓர் அளவில் ஓர் அறை. சில கட்டங்களில் அறையே இருக்காது, வழி மட்டும் வளைந்துபோகும். பிறகு பக்கத்துப் பக்கத்து அறைகளைத் தாழ்வாரங்களால் இணைக்க வேண்டும். அறை எங்கே, எவ்வளவு பெரியது என்பதெல்லாம் குலுக்கல். ஆனால், எந்த அறையும் துண்டாக நிற்கக் கூடாது என்பது கறாரான விதி. அந்த விதி இல்லாவிட்டால், படிக்கட்டு இருக்கும் அறைக்குப் போக வழியே இல்லாத தளங்கள் உருவாகியிருக்கும்.

1983-ல் பெர்க்லியின் ‘4.2 பிஎஸ்டி யூனிக்ஸ்’ இயங்குதளத்தோடு ரோக்கும் சேர்ந்தே வந்தது. அந்த யூனிக்ஸ் போன கம்ப்யூட்டர் கூடங்களுக்கெல்லாம் ரோக்கும் போனது.

செத்தால் செத்ததுதான்!

ரோக்கின் இன்னொரு விதி ஈவிரக்கமற்றது. செத்தால் ஆட்டம் முடிந்தது. மறுபடி முதல் தளம், புதுக் குகை, புது ஆள். சேவ் செய்யலாம், ஆனால், திரும்பத் திறந்த உடனேயே அந்த சேவ் ஃபைல் அழிந்துவிடும். வேலைக்கு நடுவே எழுந்துபோக வசதி உண்டு. செய்த தப்பிலிருந்து நழுவ வசதி இல்லை.

ஏன் இத்தனை கண்டிப்பு? மருந்துக் குப்பிகளைப் பாருங்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் எந்த நிறத்துக்கு எந்த மருந்து என்பதை ரோக் மாற்றிவிடும். முந்தைய ஆட்டத்தில் காயம் ஆற்றிய நீல மருந்து, இந்த ஆட்டத்தில் கண்ணைக் குருடாக்கலாம். மந்திரச் சுருள்களின் பெயர்கள், மோதிரங்களின் கற்கள் எல்லாவற்றுக்கும் இதே கதி. பழைய சேவ் ஃபைலை மறுபடி மறுபடி திறக்க முடியும் என்றால், எல்லாக் குப்பியையும் குடித்துப் பார்த்து ஒரு பட்டியல் போட்டுவிடலாம். அது முடியாது என்பதால்தான் ஒரு மடக்கு மருந்துக்கு இத்தனை யோசனை. மனப்பாடம் உதவாது. ஆனால், தெரியாத மருந்தைக் குடிக்க நல்ல நேரம் எது என்பது எல்லா ஆட்டத்துக்கும் பொது: சுற்றிலும் எதிரி இல்லாதபோது, உடம்பு தெம்பாக இருக்கும்போது. இரண்டு முறை செத்தால் இது தானாகப் புரியும்.

1987-ல் வெளியான ‘நெட்ஹேக்’ இந்த வித்தையை எங்கோ கொண்டுபோனது. அதில் பெயர் தெரியாத சுருள் கிடைத்தால், தேர்ந்த ஆட்டக்காரர்கள் அதைக் கடைக்கு எடுத்துப்போய் விலை பேசுவார்கள். விற்கும் எண்ணமெல்லாம் இல்லை. கடைக்காரர் சொல்லும் விலையை வைத்தே, அது என்னவாக இருக்க முடியாது என்று பாதிப் பெயர்களைக் கழித்துவிடலாம். கீழே கிடக்கும் கவசம் சபிக்கப்பட்டதா என்று தெரிய வேண்டுமா? கூட வரும் நாய்க்குட்டியைக் கவனிக்க வேண்டும். சபிக்கப்பட்ட பொருள் கிடக்கும் இடத்தை மிதிக்க அது தயங்கும்.

அதே கேமில் ‘காக்கட்ரைஸ்’ என்றொரு பிராணி உண்டு. வெறுங்கையால் தொட்டால் நீங்கள் கல்லாகிவிடுவீர்கள். ஆனால், அதைக் கொன்று, கையுறை மாட்டிக்கொண்டு, அதன் உடலையே ஆயுதமாக வீசினால் எதிரிகள் கல்லாவார்கள். அடடா, வெற்றி நமக்கே என்று மூட்டை முடிச்சோடு படியிறங்கினால் வந்தது வினை. சுமை அதிகம் என்பதால் உருண்டு விழுவீர்கள். கையிலிருக்கும் உடல் மேலே பட்டு நீங்களே கல்! இப்படிச் செத்தவர் கேமைத் திட்ட முடியாது. விதிகள் எல்லாம் அவருக்கு முன்பே தெரியும். அவற்றைச் சேர்த்துப் பார்க்க மறந்தது அவர்தான்.

குலுக்கலுக்கு ஒரு வேலி

டெரெக் யூ 2008-ல் இலவசமாக வெளியிட்ட ‘ஸ்பெலங்கி’, ரோக்கின் யோசனையை ஓடித் தாவும் கேமுக்குக் கொண்டுவந்தது. அதன் லெவல்கள் உருவாகும் விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

ஒவ்வொரு லெவலும் 4-க்கு 4, ஆக 16 அறைகள். மேல் வரிசையில் ஏதோ ஓர் அறையில் நுழைவாயில். அங்கிருந்து கம்ப்யூட்டர் 1 முதல் 5 வரை ஓர் எண்ணைக் குலுக்கி எடுக்கிறது. 1, 2 வந்தால் ஒரு பக்கம். 3, 4 வந்தால் மறுபக்கம். 5 வந்தால் கீழே. ஓரச் சுவரில் முட்டினாலும் கீழே. கடைசி வரிசையிலும் கீழே இறங்கப் பார்த்தால், அந்த அறையில் வெளிவாயிலை வைத்துவிடும். இப்போது ஒரு பாதை தயார். அந்தப் பாதையில் வரும் அறைகளுக்குத் தேவையான பக்கங்களில் கட்டாயம் திறப்பு இருக்கும். பாதையில் சேராத அறைகள் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். அடைபட்டுக்கூடக் கிடக்கலாம்.

அறைகளின் அச்சுகளைக் கையால் வரைந்து வைத்தவர் டெரெக் யூ. அந்த அச்சுக்குள் எந்தக் கல் இருக்கும், எந்த முள் இருக்கும் என்பதை மட்டும் கம்ப்யூட்டர் மாற்றுகிறது. ஆக, வெடிகுண்டோ கயிறோ கையில் இல்லாவிட்டாலும் வெளியேற ஒரு வழி உறுதி. சிக்கிக்கொண்டவர் குகையைக் குறை சொல்ல முடியாது.

இன்னொரு வேலியும் உண்டு. எந்த ஆபத்தும் இல்லாமல் நத்தை மாதிரி ஊர்ந்து ஊர்ந்து ஆடினால் யாரும் ஜெயித்துவிடலாம். அதைத் தடுக்க ரோக்கில் பசி இருக்கிறது. உணவு தீர்வதற்குள் அடுத்த தளத்துக்குப் போயாக வேண்டும். 2012-ல் வந்த புதிய ஸ்பெலங்கியில் இரண்டரை நிமிடம் தாண்டினால், கொல்லவே முடியாத ஒரு பேய் துரத்த ஆரம்பிக்கும். யோசிக்க நேரம் உண்டு, தூங்க நேரம் இல்லை.

அதிர்ஷ்டமா, திறமையா?

பரமபதத்தில் தாயம் உருட்டுவது மட்டுமே நம் வேலை. ஏணியா, பாம்பா என்பதைத் தாயக்கட்டை முடிவு செய்துவிடும். ரோக்லைக்கிலும் தாயம் உருள்கிறது. ஆனால், நல்ல டிசைனர் அதை நம் முடிவுக்கு முன்னால் உருட்டுவார். 2019-ல் முழுமையாக வெளியான ‘ஸ்லே தி ஸ்பயர்’ என்ற சீட்டாட்ட ரோக்லைக் இதற்குச் சரியான உதாரணம். வழக்கமாக ஒரு சுற்றுக்கு ஐந்து சீட்டுகள் கைக்கு வரும். எது வரும் என்பது அதிர்ஷ்டம். ஆனால், எதிரி அடிக்கப்போகிறாரா, தடுக்கப்போகிறாரா, அடித்தால் எத்தனை புள்ளி குறையும் என்பதெல்லாம் அவர் தலைக்கு மேலேயே தெரியும். கையில் இருப்பது என்ன, வரப்போவது என்ன என்று தெரிந்த பிறகுதான் சீட்டு இறக்குகிறோம். தோற்றால் ‘கடைசியில் தாயம் காலை வாரிவிட்டது’ என்ற சமாதானத்துக்கு அதிகம் இடமில்லை.

ஸ்பெலங்கியின் பிசி பதிப்பில் வந்த தினசரிப் போட்டி இதை வெட்டவெளிச்சமாக்கியது. அன்றைய தினம் உலகம் முழுக்க எல்லோருக்கும் ஒரே குகை, ஒரே ஒரு வாய்ப்பு. அதிர்ஷ்டம் எல்லோருக்கும் சமம் என்றால் மதிப்பெண்ணும் சமமாக இருக்க வேண்டுமே? ஒருவர் முதல் லெவலிலேயே பாம்பு கடித்துச் சாவார். இன்னொருவர் கடைசிவரை போவார்.

கம்ப்யூட்டர்களும் இதில் தலைகுப்புற விழுந்திருக்கின்றன. 2021-ல் ‘நியூரிப்ஸ்’ என்ற ஆய்வு மாநாட்டையொட்டி நெட்ஹேக் ஆடும் செயற்கை நுண்ணறிவுகளுக்கு ஒரு போட்டி நடந்தது. எதுவுமே கேமை முடிக்கவில்லை. தானாகக் கற்றுக்கொண்ட நியூரல் நெட்வொர்க்குகளைவிட, மனிதர்கள் விதிவிதியாக எழுதிக்கொடுத்த புரோகிராம்களே நல்ல மதிப்பெண் எடுத்தன. அதேசமயம், நெட்ஹேக்கை அடுத்தடுத்து பல ஆட்டங்கள் ஜெயித்துக் காட்டும் மனிதர்கள் இருக்கிறார்கள். வெறும் அதிர்ஷ்டம் அப்படி வரிசை கட்டி வராது.

சமரசமும் சபலமும்

எல்லோருக்கும் இந்தக் கண்டிப்பு சரிப்படாது. அதனால் பின்னால் வந்த கேம்கள், செத்த பிறகும் எதையாவது கையில் கொடுத்து அனுப்பத் தொடங்கின. 2013-ல் வந்த ‘ரோக் லெகசி’யில் நீங்கள் சேர்த்த தங்கம் உங்கள் வாரிசுக்குப் போகும். 2020-ல் வெளியான ‘ஹேடீஸ்’ ஒரு படி மேலே போனது. செத்ததும் நாயகன் பாதாளத்தில் இருக்கும் தன் அப்பா வீட்டுக்கே திரும்புகிறான், எப்படிச் செத்தான் என்பதைப் பற்றி அங்கே இருப்பவர்கள் பேசுகிறார்கள், கதை நகர்கிறது. அடுத்த ஆட்டத்தைவிட அடுத்த உரையாடலுக்காகவே விளையாடியவர்கள் உண்டு. விரும்பினால் ஒரு சலுகையும் எடுத்துக்கொள்ளலாம்: எதிரியின் அடி 20 சதவிகிதம் குறையும், ஒவ்வொரு சாவுக்கும் இன்னும் 2 சதவிகிதம் குறையும். 2021-ல் அறிவியல் புனைவு, மாயப் புனைவுப் படைப்புகளுக்கான ஹ்யூகோ விருது பெற்றது இந்த கேம்.

இதில் ஒரு வம்பும் இருக்கிறது. ஆட்டக்காரரின் திறமை வளர்வதற்குப் பதிலாக, நாயகனின் பலம் மட்டும் வளர்ந்துகொண்டே போனால், அது பொறுமைக்குப் பரிசு கொடுக்கும் கேமாகிவிடும். ‘வேம்பயர் சர்வைவர்ஸ்’ கேமை உருவாக்கிய லூகா கலன்டே அதற்கு முன் சூதாட்டத் துறையில் வேலை பார்த்தவர். அதில் ஒரு பெட்டி திறக்கும்போது மின்னும் விளக்குகளையும் பாட்டையும் பார்த்தால், ஸ்லாட் மெஷின் ஞாபகம் வராமல் போகாது. அந்த கேம் காசு பிடுங்கவில்லை. ஒருமுறை வாங்கினால் போதும். ஆனால், ‘இன்னும் ஒரே ஒரு ஆட்டம்’ என்று நள்ளிரவு தாண்டியும் உட்கார வைக்கும் சக்தி இந்த வகை கேம்களுக்கு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

எதில் தொடங்கலாம்?

பழைய பாணியை ருசிக்க நினைத்தால் ‘பிரோக்’. எழுத்துகளால் ஆனது என்றாலும் பார்க்க அழகு, இலவசம். விரல் வேகம் உள்ளவர்களுக்கு ஸ்பெலங்கி. நிதானமாக யோசிப்பவர்களுக்கு ஸ்லே தி ஸ்பயர் அல்லது பலாட்ரோ. இரண்டும் மொபைலிலேயே கிடைக்கின்றன. கதை வேண்டும் என்பவர்களுக்கு ஹேடீஸ். நெட்ஹேக்கும் இலவசம்தான், ஆனால், அதை எடுத்த எடுப்பில் தொட வேண்டாம்.

எந்த கேமாக இருந்தாலும் ஒரே ஒரு சோதனை வையுங்கள். செத்ததும், ஏன் செத்தீர்கள் என்று உங்களால் ஒரு வரியில் சொல்ல முடிகிறதா? முடிந்தால், தைரியமாக அடுத்த ஆட்டத்தைத் தொடங்குங்கள். பத்து ஆட்டம் ஆடியும் காரணம் புரியவில்லை என்றாலோ, செத்தவுடன் ‘பணம் கட்டினால் உயிர் தருகிறேன்’ என்று திரை கேட்டாலோ, யோசிக்காமல் அழித்துவிடுங்கள். அந்த கேமில் உங்களுக்குக் கற்றுத்தர எதுவும் இல்லை.