காய்ச்சல் போன பிறகு வரும் கரப்பான்



"மகனுக்கு மூணு வயசில ஏதோ ஜப்பான் பேர் உள்ள காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில வச்சிருந்தாங்க. இப்ப ஏழு வயசு. கை மடிப்பு, கால் மடிப்பெல்லாம் சொறிஞ்சு புண்ணாக்கிக்கிட்டான். பழைய நோய் திரும்பிடுச்சா?"

இப்படி ஒரு தாய் கேட்டால் என்ன பதில் சொல்வது? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

அந்த ஜப்பான் பெயர் கவசாக்கி. டோமிசாக்கு கவசாக்கி என்ற டோக்கியோ குழந்தை வைத்தியர் 1961இல் இந்நோயை முதன்முதலில் ஒரு சிறுவனிடம் கண்டார். 1967இல் 50 பிள்ளைகளைப் பற்றி எழுதி வெளியிட்டார். இது இரத்தக் குழாய்கள் அழன்று வீங்கும் நோய். பெரும்பாலும் 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு வரும். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது.

அடையாளங்கள் இவை: 5 நாளுக்கு மேல் விடாத காய்ச்சல், பீளை இல்லாமல் இரண்டு கண்ணும் சிவத்தல், உதடு வெடித்து நாக்கு சிவத்தல், உடம்பில் தடிப்பு, கை கால் வீக்கம், கழுத்தில் கட்டி. பி.சி.ஜி. ஊசித் தழும்பு சிவப்பதும் உண்டு. பிறகு விரல் நுனியில் தோல் உரியும்.

இதைப் பார்த்து "அம்மா போட்டிருக்கு" என்று வேப்பிலை கட்டி லயத்திலேயே வைத்திருந்தால் ஆபத்து. வைத்தியம் செய்யாத பிள்ளைகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் புடைத்துவிடும். காய்ச்சல் தொடங்கி 10 நாளுக்குள் இம்யுனோகுளோபுலின் என்ற மருந்தைச் சேலைனைப் போல ஏற்றினால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். ஆனால் 5 நாள் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நம்ம பக்கம் டெங்கும் உண்டு. காய்ச்சல் 2 நாளைத் தாண்டினாலே கரவனெல்ல ஆதார வைத்தியசாலைக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ கொண்டு போங்கள். அஸ்பிரினை நீங்களாகக் கொடுக்கவே கூடாது.

இனி, சொறிக்கு வருவோம். கவசாக்கி வந்த பிள்ளைகளிடம் அட்டோபிக் கரப்பான் அதிகம் காணப்படுவதாக அமெரிக்க வைத்தியர்கள் 1988இலேயே எழுதினார்கள். பின்னர் தாய்வானில் பார்த்தபோது ஆஸ்துமாவும் ஒவ்வாமைத் தடிமனும் கூடுதலாகத் தெரிந்தன.

காரணம் என்ன? நம் உடம்பில் நோயைத் தடுக்கும் சக்தி ஒரு காவல்காரனைப் போன்றது. கவசாக்கியில் அவன் வீட்டுக்காரனையே அடிக்கிறான். கரப்பானில் தூசிக்கும் சோப்புக்கும் கூட கூச்சல் போடுகிறான். இரண்டு இடத்திலும் அதே காவல்காரன்தான். ஒரு நோய் மற்றதை உண்டாக்குகிறது என்று இதற்கு அர்த்தமில்லை. இரண்டும் வரக்கூடிய உடல்வாகு சில பிள்ளைகளுக்கு இருக்கலாம். கவசாக்கி வந்த எல்லோருக்கும் கரப்பான் வருவதுமில்லை.

ஆகவே அந்தத் தாய்க்குப் பதில்: காய்ச்சல் இல்லாமல், மடிப்புகளில் மட்டும் வந்து வந்து போகும் அரிப்பு, பழைய நோய் திரும்பியதல்ல. அது ஒட்டுவாரொட்டியும் அல்ல. தம்பி தங்கச்சியோடு சேர்ந்து விளையாடலாம். ஆனால் இராத்திரியில் அரிப்புக் கூடி, விரல் இடுக்கில் கொப்புளம் வந்து, வீட்டில் மற்றவர்களும் சொறிந்தால் அது சிரங்கு. அதற்கு வீட்டார் எல்லோருக்கும் ஒன்றாக மருந்து போடவேண்டும்.

கரப்பான் உள்ள பிள்ளைக்குச் செய்ய வேண்டியவை:

* துணி சோப்புப் போட்டுக் குளிப்பாட்டாதீர்கள். குளித்த ஈரம் காயுமுன் வாசலின் அல்லது தேங்காய் எண்ணெய் பூசுங்கள்.
* நகத்தை ஒட்ட வெட்டுங்கள். பருத்தி உடுப்புப் போடுங்கள்.
* கடையில் கிறீம் வாங்கி நீங்களாகப் பூச வேண்டாம்.
* முட்டை, மீன், கத்தரிக்காய் என்று எல்லாவற்றையும் நிறுத்தாதீர்கள். வளரும் பிள்ளை மெலிந்து போகும். வைத்தியர் சொன்னால் மட்டும் நிறுத்துங்கள்.

கடைசியாக ஒன்று. ஆஸ்பத்திரியில் தந்த துண்டையும் கிளினிக் புத்தகத்தையும் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். இருதயப் பரிசோதனைக்குச் சொன்ன நாளில், பேர் விழாமல் போனாலும் பரவாயில்லை, கட்டாயம் போங்கள். இம்யுனோகுளோபுலின் ஏற்றிய பிள்ளைக்கு எம்.எம்.ஆர். ஊசியைச் சில மாதம் தள்ளிப் போடுவார்கள். குடும்பநல மாதுவிடம் அதைச் சொல்லுங்கள். சொறிக்கு மருந்து எடுக்கப் போகும்போதும் அந்தத் துண்டைக் காட்டுங்கள். "ஏதோ ஜப்பான் பேர்" என்று சொன்னால் வைத்தியருக்குப் புரியாமல் போகலாம். துண்டில் எழுதியிருந்தால் தெளிவாகப் புரியும்.